சீட்டுப் பிடித்துத் தைக்கும் போர்வைகள்

நானுஓயாவில் இருந்துகொண்டு குளிரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? 1885இல் கோச்சி வந்த நாளிலிருந்து இங்கே இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது போர்த்திக்கொள்ள ஏதாவது ஒன்றைத்தான். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். தை, மாசியில் உறைபனி விழுந்து கொழுந்தே கருகிப்போகும். இந்த ஊருக்கென்று ஒரு பொழுதுபோக்குச் சொல்லச் சொன்னால் நான் யோசிக்கவே மாட்டேன். துண்டுத்துணிப் போர்வை தைப்பதுதான்! அதுவும் வீட்டில் தனியே குந்திக்கொண்டு இல்லை, பத்துப் பேரோடு கூடி, கதை பேசிக்கொண்டு.

எங்கள் டிவிஷனில் ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைக் காம்பராவில் கூடுகிறோம். மலைக்குப் போகிற அக்காமார், ஸ்டோரில் வேலை செய்கிற தங்கச்சிமார், பேர் வெட்டி வீட்டில் இருக்கிற ஆச்சிமார், கொழும்புப் பக்கம் காமென்ட்டில் சில வருஷம் இருந்துவிட்டு வந்த பிள்ளைகள் என்று எல்லாரும் வருவார்கள். வந்ததும் அவரவர் துணி மூட்டையைப் பாயில் கொட்டிவிட வேண்டும். கொட்டியபிறகு எது யாருடையது என்ற கணக்கு இல்லை. நான் ஒரு நீலத் துண்டைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தால், “இந்தா புள்ள, இந்தக் கிளிப்பச்சைய வச்சிப் பாரு, எடுப்பா இருக்கும்” என்று ஒரு ஆச்சி நீட்டுவார். வைத்துப் பார்த்தால், ஐயோ, அந்த ஒரு துண்டில் போர்வையே முழித்துக்கொள்ளும்!

துணிக்குப் பஞ்சமில்லை. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் நாடு முழுக்கக் காமென்ட்டுகளைக் கொண்டுவந்தது. அங்கே வெட்டி மிஞ்சுகிற துண்டுகள் இன்றைக்கும் கிலோக் கணக்கில் விலைக்கு வருகின்றன. பழைய வொயில் சேலை இருக்கிறது, பள்ளிக்கூட வெள்ளை இருக்கிறது. நடுவில் வைக்க, தோட்டத்தில் ஒரு காலத்தில் கொடுத்த கம்பளி நைந்துபோய்ப் பெட்டிக்கு அடியில் கிடந்தால் யோகம். நைலெக்ஸ் சேலையை மட்டும் நான் தொடமாட்டேன். ஊசிக்கு வழுக்கும், ஓரம் பிரியும், குளிருக்கும் உதவாது. சிவப்புத் துணியைத் தனியே ஒரு தரம் ஊறவைத்து அலசாமல் சேர்க்கவும் விடமாட்டேன். இதில் என்னோடு சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு.

தையலில் எங்களுக்குக் குருமார் தூர தேசத்துப் பெண்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பக்கத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த சித்தி என்று ஒரு சமூகம் இருக்கிறது. அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். துண்டுகளை ஓரத்தில் வைத்துத் தொடங்கி, நூலோட்டத் தையலில் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முடிவில் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூ வைக்க வேண்டும். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணமான போர்வை! ஃபோனில் வீடியோ பார்த்துத்தான் இதைப் பிடித்துக்கொண்டோம். ஓரத்திலிருந்து தொடங்குவதால் நாலு பக்கமும் நாலு பேர் உட்காரலாம். நடுவுக்கு வரவர முழங்காலும் முழங்காலும் இடிக்கும், அப்போது வரும் கதைகளை இங்கே எழுத முடியாது.

அமெரிக்காவில் அலபாமாவின் கறுப்பினப் பெண்கள் 1966இல் இப்படிக் கூடிப் போர்வை தைப்பதற்கென்று கூட்டுறவே தொடங்கினார்கள். அங்கே ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் உழைத்துக் கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002இல் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகத்தில் சுவரேறின. அந்தப் படங்களைக் காட்டினேன். “கோடு நேரா இல்லியே” என்றார் ஒரு ஆச்சி. பிறகு வெகு நேரம் ஃபோனைத் திருப்பித் தரவில்லை.

ஆனால் தைத்த போர்வையை யார் எடுப்பது? இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. லயத்தில் சீட்டுப் பிடிக்கத் தெரியாத பொம்பளை உண்டா? காசுக்குப் பதிலாகத் துணியும் தையலும் போடுகிறோம், அவ்வளவுதான். குலுக்கிப் பேர் விழுந்தவருக்குப் போர்வை. யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்தால் மட்டும் குலுக்கல் இல்லை, நேரே அங்கே போய்விடும். கூட வேலை செய்தும் முகம் கொடுத்துப் பேசாதிருந்த இரண்டு பேர் ஒரே போர்வையின் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் கேட்கும் சாக்கில் பேசத் தொடங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். என் கட்டிலில் கிடக்கும் போர்வையில் எது யார் போட்ட தையல் என்று என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியும். கடையில் காசு கொடுத்து வாங்கும் எந்தப் போர்வையும் இதன் கிட்ட வராது!

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். துவைத்தால் காயாது. மூடுபனி நாட்களில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்போம். புகை வாசம் போக மேலும் இரண்டு நாளாகும்.

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இதை வாசிக்கிற அக்காமாரே, தங்கச்சிமாரே, பழைய பருத்திச் சேலையைக் கால்மிதியாக்கிவிடாதீர்கள். பக்கத்து லயத்தில் நாலு பேரைக் கூப்பிடுங்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். கம்பளி சேர்த்துத் தைப்பதானால் தடித்த ஊசியாக வாங்குங்கள். மெல்லிய ஊசி முறிந்துவிடும்.