வானொலியும் திரையிசையும்

மின்னல் பண்பலை திரைப்பாடல்களைக் குறைத்து, மரபிசைக்கும் நாட்டுப்பாடலுக்கும் இடந்தரல் வேண்டும் என்பாரின் நோக்கம் நன்று, வழியே ஆராயத்தக்கது. 1952இல் இந்தியாவில் ஒலிபரப்புத்துறை அமைச்சரான பி. வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தன. விளைவு யாது? நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் ‘விவித பாரதி’யைத் தொடங்கித் திரையிசையை மீண்டும் அழைக்க நேர்ந்தது. தடையால் சுவை வளரவில்லை.

எனினும், விரும்பியதையே ஊட்டுவது பொது வானொலியின் கடனாகாது. பால்மரக் காட்டில் பிறந்த தோட்டப்பாடல்களைச் சென்னைத் திரைப்படம் நமக்குப் பாடித் தராது. பாரிட் புந்தார் முதல் ஈப்போ வரை அவற்றை அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். அவர்தம் குரலைப் பதிவு செய்து, பின்னிரவில் ஒதுக்காமல், பலரும் கேட்கும் காலைப்பொழுதில், பொருள் விளக்கும் இரண்டொரு சொல்லோடு ஒலிபரப்புதல் வேண்டும். திரைப்பாடலுக்கு அருகில் வைத்தால் அவையும் கேட்கப்படும்.