தாழ்ந்த காருக்குப் பெரிய சக்கரமா?

விடுமுறை நாள்களில் புதுச்சேரியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். தரையோடு தரையாகச் செல்லும் பந்தயக் கார் வகைகள் சில கண்ணில் படும். அவற்றைப் பார்த்துவிட்டுத் தம் காரையும் அவ்வாறே தாழ்த்தி, பெரிய அலாய் சக்கரமும் அகன்ற டயரும் பூட்டிக்கொள்ளும் இளைஞர்களும் உண்டு. இதை வெறும் அலங்காரம் என்று சொன்னால் அவர்கள் ஒப்புவதில்லை. மூன்று நியாயங்கள் சொல்வார்கள். தாழ்த்தினால் கார் வளைவில் சாயாது. பெரிய சக்கரம் போட்டால், தாழ்த்தியதால் போன தரை இடைவெளி திரும்பி வந்துவிடும். அகன்ற டயர் சாலையை இறுகப் பற்றும். இவற்றை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம். பள்ளி இயற்பியலே இதற்குப் போதும்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்துக்களிலிருந்து தொடங்குவோம். 195/50 ஆர் 15 என்று இருந்தால் டயரின் அகலம் 195 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 50 விழுக்காடு, அதாவது 97.5 மி.மீ.; ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. 'ஆர்' என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். முழு விட்டம் வேண்டுமானால் பக்கச் சுவரை இருமுறை கூட்டவேண்டும்: 576 மி.மீ. சிறிய பந்தயக் கார் வகைகளுக்கு ஏற்ற அளவு இது. இதைக் கழற்றிவிட்டு 205/50 ஆர் 16 போடுவதாக வைத்துக்கொள்வோம். முழு விட்டம் 611.4 மி.மீ. ஆகிறது. ஆரம் 17.7 மி.மீ. கூடுகிறது, விட்டமும் சுற்றளவும் 6 விழுக்காடு பெருகுகின்றன.

கொடுத்ததும் எடுத்ததும்

காரை 40 மி.மீ. தாழ்த்தியதாகக் கொள்வோம். ஈர்ப்பு மையம் தாழ்ந்தது. வளைவில் சாய்வது குறையும் என்ற முதல் நியாயம் உண்மையே. இப்போது பெரிய சக்கரம் போடுகிறோம். கார் முழுவதும் ஏறக்குறைய 18 மி.மீ. உயர்கிறது. ஈர்ப்பு மையமும் அதே 18 மி.மீ. மேலே போய்விடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய பயனில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை மீண்டும் பணம் கொடுத்தே இழந்திருக்கிறோம். முதல் நியாயமும் இரண்டாம் நியாயமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

இதைவிடப் பெரிய கேடு மட்கார்டுக்குள் இருக்கிறது. டயரின் உச்சிக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் இடையே முதலில் 80 மி.மீ. இடைவெளி இருந்ததாகக் கொள்வோம். தாழ்த்தியதில் 40 மி.மீ. போயிற்று, டயர் பெருத்ததில் இன்னும் 18 மி.மீ. போயிற்று. மிஞ்சியது 22 மி.மீ. பெரிய சக்கரம் தரைக்கும் காருக்கும் இடையே இடம் கொடுக்கும். ஆனால் சக்கரத்துக்கும் காருக்கும் இடையே இடத்தைப் பறித்துக்கொள்ளும்.

குழியில் இறங்கி ஏறும்போது மேல்நோக்கி வரும் சக்கரத்தின் ஆற்றலை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். அது வாங்கும் ஆற்றல் ஸ்பிரிங் மாறிலியின் பாதியை நகர்ச்சியின் இருமடியால் பெருக்கினால் வரும். நகர்ச்சி பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். அதை ஈடுகட்ட ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக இருக்கவேண்டும். ஆனால் நடப்பது என்ன? ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுகிறார்கள். விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் அது 1.2 மடங்குதான் ஆகிறது. நமது எடுத்துக்காட்டில் 80 மி.மீ. என்பது 22 ஆனபின் ஸ்பிரிங் வாங்கக்கூடிய ஆற்றல் பழையதில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கே. மிச்சத்தை யார் வாங்குவது? டயர் மட்கார்டில் உரசும். அடி உடலில் இறங்கும். ஓடும் காரில் டயரின் பக்கச் சுவர் தகட்டில் அறுபடுவது எத்தகைய ஆபத்து என்று சொல்லவேண்டியதில்லை.

அகலமும் பிடிப்பும்

மூன்றாவது நியாயத்துக்கு வருவோம். உராய்வு விசை பரப்பைப் பொறுத்ததல்ல என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். ரப்பர் அந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. எனவே உலர்ந்த பந்தயத் தளத்தில் அகன்ற டயருக்குப் பயன் உண்டு. ஆனால் அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பும் அதே அளவு கூடிவிடும் என்று எண்ணுவது தவறு. ஒரு சக்கரத்தின் மீது 3,000 நியூட்டன் எடை, டயரில் 200 கிலோ பாஸ்கல் அழுத்தம் என்றால், தொடும் பரப்பு ஏறக்குறைய 150 சதுர செ.மீ. அகலம் கூடினாலும் எடையும் அழுத்தமும் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறாது. நீண்டிருந்த தடம் குட்டையாகி அகலும், அவ்வளவே.

மழையில் இந்த அகலமே பகையாகிறது. டயர் தன் முன்னால் உள்ள நீரை ஒதுக்கித் தள்ளியாகவேண்டும். தடம் அகன்றால் ஒதுக்கவேண்டிய நீரும் அதிகம். ஒதுக்க நேரம் போதாதபோது டயர் நீரின்மேல் மிதக்கிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகின்றன. 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா விமான டயர்களைக் கொண்டு ஆராய்ந்து கண்ட விதிப்படி, மிதக்கத் தொடங்கும் வேகம் டயர் அழுத்தத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நம் காருக்கு அது மணிக்குச் சுமார் 90 கி.மீ. தேய்ந்த டயரில் இதற்கும் குறைவான வேகத்திலேயே இது நிகழலாம். வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கும் நம் சாலைகளுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல.

பொய் சொல்லும் வேகமானி

வேகமானி சாலையை அளப்பதில்லை. சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. சுற்றளவு 6 விழுக்காடு பெருகினால், மாற்றத்துக்கு முன் துல்லியமாக இருந்த முள் 80 என்று காட்டும்போது கார் 85-ஐ எட்டியிருக்கும். ஆலையில் வேகமானியைச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படி அமைப்பதுண்டு. அந்தப் பாதுகாப்பு விளிம்பைத்தான் நாம் தின்கிறோம். எஞ்சினின் திருப்பு விசை மாறாதிருக்க, ஆரம் கூடுவதால் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். பிரேக்குக்கும் இதே கணக்கு. சக்கரத்தின் விளிம்பில் கூடும் எடை இரட்டிப்புச் சுமை; அது முன்னே செல்லவும் வேண்டும், சுழலவும் வேண்டும். விளிம்பில் 2 கி.கி. கூடினால், காரை முடுக்கும்போது அது 4 கி.கி. போல் இழுக்கும்.

விட்டம் மாறாத மாற்றம்

ரிம்மைப் பெரிதாக்குவதே குற்றமா என்றால், இல்லை. மாருதி ஸ்விஃப்ட் காரை அதன் ஆலையே இருவிதமாக விற்றிருக்கிறது: சில வகைகளில் 165/80 ஆர் 14, உயர் வகைகளில் 185/65 ஆர் 15. கணக்கிட்டுப் பாருங்கள். முன்னதன் விட்டம் 619.6 மி.மீ., பின்னது 621.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தும் முழு விட்டம் கால் அங்குலம்கூட வளரவில்லை. நம் எடுத்துக்காட்டிலும் 195/45 ஆர் 16 எடுத்தால் வேறுபாடு 1 விழுக்காடுதான். பொறியியல் வழி இதுவே.

இதற்கும் ஒரு விலை உண்டு. ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச் சுவர் குறுகும். காற்றடைத்த டயருக்கு 1845-இல் தாம்சன் காப்புரிமை பெற்றார். 1888-இல் டன்லப் அதை மீண்டும் கண்டுபிடித்து வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இருவரும் நாடியது சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே ஒரு காற்று மெத்தையை. மெத்தை மெலிய மெலிய நாம் மாட்டுவண்டியின் இரும்புப் பட்டையை நோக்கித் திரும்பிப் போகிறோம். குழியின் விளிம்பில் ரிம் நசுங்குவதும் டயர் கிழிவதும் அதனால்தான்.

குற்றம் சாலையிலும் உண்டு

காரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த நெறிப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வட்ட வில்லாக, 17 மீட்டர் ஆரத்தில் அமையவேண்டும். அச்சுகளுக்கிடையே 2.4 மீட்டர் உள்ள கார் இதன் நடுவே நிற்கும்போது, சக்கரங்களும் மேட்டின் மேலேயே 58 மி.மீ. உயர்ந்து நிற்கும். எனவே தரை இடைவெளியில் 42 மி.மீ. மட்டுமே குறையும். அதே 10 செ.மீ. உயரத்தில் அரை மீட்டர் அகலத்துக்குக் குவித்துவைத்த மேடானால் முழு 100 மி.மீ.யும் போய்விடும். நெறிப்படி அமைந்த தடையைத் தாழ்ந்த காரும் மெல்லக் கடக்கும். கண்டபடி குவித்த தடை மற்றக் கார்களையும் பதம் பார்க்கும்.

உற்பத்தியாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. இது வெறும் கெடுபிடி அன்று என்பது மேலே கண்ட கணக்குகளிலிருந்து விளங்கும். சக்கரம் அளவுகோல், நெம்புகோல், மெத்தை ஆகிய மூன்றுமாக வேலை செய்கிறது. ஓர் எண்ணை மாற்றினால் மூன்றும் மாறுகின்றன.

ஆகவே சக்கரம் மாற்ற விரும்புவோர் கடைக்குப் போகுமுன் காரின் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட அளவுகளைப் பாருங்கள். பழைய விட்டத்தையும் புதிய விட்டத்தையும் ஒரு தாளில் கணக்கிடுங்கள். தாழ்த்துவதா, சக்கரத்தைப் பெருக்குவதா என்று கேட்டால், இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள் என்பதே இயற்பியல் தரும் விடை.