நடுவில் ஒரு 'இன்'

ரெ. கார்த்திகேசுவின் 'காதலினால் அல்ல' நாவலைப் புரட்டிய பின்னும் நான் அட்டையைத் தாண்ட மனமில்லாமல் நிற்கிறேன். 1999இல் வந்த புத்தகம். என்னிடம் இருப்பது சுங்கை பட்டாணிச் சின்னம்மாவின் பிரதி. தலைப்புக்குக் கீழே பென்சிலால், பூனைமயிர் போன்ற மெல்லிய எழுத்தில் அவர் எழுதி வைத்திருக்கிறார்: "பின்னே எதனாலயாம்?"

தலைப்பை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'காதலால் அல்ல' என்று வைத்திருந்தாலும் பொருள் அதேதான். ஆனால் கதவைப் படாரென்று சாத்தியது போல் இருந்திருக்கும். நடுவில் ஒரு 'இன்' வந்து அமர்கிறது. இலக்கணத்தில் அதற்குச் சாரியை என்று பெயர். பொருளுக்கு அதனால் காலணா லாபமில்லை. நாக்குக்குத்தான் லாபம். காதல் என்ற சொல்லை விட்டு விலக மனமில்லாமல் அந்த 'இன்'இல் ஒரு கணம் தங்கிவிட்டுப் போகிறது. 'பாரதி அறுபத்தாறு' படித்தவர்களுக்கு இன்னொரு இனிமையும் உண்டு. காதலினால், காதலினால் என்று பாரதி அங்கே அடுக்கிக் கொண்டாடிய அதே சொல். அதன் தோளில் கைபோட்டுக்கொண்டே இவர் மறுக்கிறார்.

அப்புறம் அந்த 'அல்ல'. பண்டிதர் கணக்கில் அது பன்மை, ஒருமைக்கு 'அன்று'. இன்று யாரும் பார்ப்பதில்லை, கார்த்திகேசுவும் பார்த்திருக்க மாட்டார். இருந்தாலும், காதலினால் நடக்காத காரியங்கள் பல என்று அந்தப் பன்மை எனக்கு மட்டும் சொல்வதாக வைத்துக்கொள்கிறேன்.

கதை நடப்பது பினாங்கில், பல்கலைக்கழக வளாகத்தில். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவருக்கு அந்த வளாகம் வீடு மாதிரி. பிறந்தது 1940இல், கடலுக்கு இந்தப் பக்கம், கெடாவின் பீடோங்கில். இந்த இரண்டு கரைக்கும் நடுவில்தான் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளின் காதல் தத்தளிக்கும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்த்து அம்மா படிக்க அனுப்பிய பிள்ளைக்கு ஒரு பெண்ணைப் பார்த்ததும் நெஞ்சு நிறையும்; கூடவே அந்த வாளியின் கனமும் தோளில் ஏறும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'அல்ல' என்பதற்கு உரை வேண்டாம்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. கார்த்திகேசு வானொலியில் பணியாற்றியவர். வாக்கியங்கள் மூச்சுக்கு அளவெடுத்துத் தைத்தவை. எங்கும் சுருக்கம் விழாத வெள்ளை வேட்டி. அந்தத் தெளிவில் சொக்கிப் போகிறேன். காதல் பேசும் இடத்தில் அதே தெளிவு என்னை ஏங்க வைக்கிறது. இத்தனை திருத்தமாகப் பேசினால் நெஞ்சு படபடப்பது எப்போது? எங்கள் லயத்தில் காதல் என்ற சொல்லையே யாரும் சொன்னதில்லை. பால் ஸ்டோருக்குப் போகும் வழியில் சின்னப்பா, சின்னம்மாவின் வாளியையும் வாங்கித் தோளில் கிடக்கும் தன் காண்டாத் தடியில் மாட்டிக்கொள்வார். "கொடு" என்றுகூடக் கேட்க மாட்டார். அப்படி ஒரு வாளி எங்காவது தொங்குகிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன்.

கார்த்திகேசு 2016இல் மறைந்தார். புத்தகத்தைச் சின்னம்மா கேட்கும்போதெல்லாம், "இன்னும் படிச்சு முடிக்கல சின்னம்மா" என்று சொல்லி வருகிறேன்.