நோய் தண்டனையா?

நாடகம் நாட்டுக்கு மருந்து என்கிறோம். மருந்தென்றால் அதையும் சோதித்துப் பார்க்க வேண்டுமன்றோ?

நடிகவேள் எம்.ஆர்.இராதாவின் 'இரத்தக் கண்ணீர்', திருவாரூர் கே.தங்கராசு தீட்டிய நாடகம். 1954இல் திரைக்கும் வந்தது. இராதாவின் கிண்டல் கேட்டுக் கொட்டகைகள் அதிர்ந்தன. கதை முடிவில், தன் மனைவி சந்திராவை நண்பன் பாலுவுக்கு மணம் முடித்து வைக்கிறான் மோகன். கணவன் கண்முன்னே மறுமணம்! அந்தத் துணிவைப் போற்றுகிறோம். ஆனால், போற்றுவதோடு நின்றுவிட்டால் நாம் பக்தர்கள், பகுத்தறிவாளர் அல்லோம்.

கதை கூறுவது என்ன? மனைவியைப் புறக்கணித்தான், தாசி வீடே கதியெனக் கிடந்தான், ஆகவே, தொழுநோய் வந்தது. இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? வினைப்பயனை வாசல் வழியே விரட்டிய மேடையில், அது கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டதே! கடவுள் தண்டிப்பதற்கு மாறாகக் கதை தண்டிக்கிறது. வேற்றுமை அவ்வளவுதான்.

தொழுநோய்க்குக் காரணம் கிருமி. நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873இலேயே அதைக் கண்டறிந்தார். சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகுவோருக்கு, மூக்கிலும் வாயிலுமிருந்து தெறிக்கும் நீர்த்துளிகளால் அது பரவுகிறது. பெரும்பாலோர் உடல் அதை எதிர்த்து வென்றுவிடும். ஒழுக்கசீலரையும் அது பற்றும். பள்ளிச் சிறுவனையும் பற்றும். அச்சிறுவன் எந்தத் தாசி வீட்டுக்குப் போனான்?

"அந்நாளில் யாருக்குத் தெரியும்?" என்பார் உண்டு. கிருமியைக் கண்டறிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த படம் அது! சல்போன் மருந்தும் 1940களிலேயே வழக்குக்கு வந்துவிட்டது.

கதைதானே என்று விட்டுவிடலாமா? நோயைப் பழியாக்கினால், நோயாளி தேமலை மறைப்பான். மறைத்தவன் விரலை இழப்பான். தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள் 2019இல்தான் நீக்கப்பட்டன. இழிவின் ஆயுள் எத்துணை நீளம், பார்த்தீர்களா?

நாடகக் குழுத் தோழர்களே! உணர்ச்சியற்ற தேமலைக் கண்டதும் மருத்துவமனைக்கு நடக்கும் ஒருவனைக் கதைத்தலைவன் ஆக்குங்கள். நோயின் தன்மைக்கேற்ப 6 அல்லது 12 திங்கள் கூட்டு மருந்து உண்டால் நோய் தீரும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். மருந்து தொடங்கிய சின்னாளில் தொற்றும் நின்றுவிடும். இவற்றை வசனமாக்குங்கள். இராதாவின் கிண்டலும் இருக்கட்டும். அது நோயாளியைச் சுட வேண்டாம். அவனைத் திண்ணையிலிருந்து இறக்கிவிடும் ஊரைச் சுடட்டும்!