பன்றிக்குப் பின்னால் போன பறவைகள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், நியூ ஃபாரஸ்ட்டை ஒட்டி இருக்கிறது பால்டன்ஸ் பார்க். 1983-ல் திறந்தபோது அது தோட்டமும் பறவைகளுமாக, குடும்பத்தோடு போய்க் காலாற நடக்கிற இடம். பிறகு ராட்டினங்கள் வந்தன. 2011-ல் பெப்பா பிக் வேர்ல்ட். 2004-ல் டிவிக்கு வந்த கார்ட்டூன் பன்றிக்குட்டிக்குத் தனி ஊரே கட்டிவிட்டார்கள். பால்டன்ஸ் என்றதும் இன்று பலருக்கு ஞாபகம் வருவது அந்தப் பன்றிதான்.

"உயிருள்ள பறவையை விட்டுட்டு பொம்மைப் பன்றியா?" என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் பெப்பா எத்தனை தடவை கையசைத்தாலும் களைக்காது. விலங்கை நம்பி டிக்கெட் விற்றால், அது எந்நேரமும் கண்ணில் பட வேண்டும், ஏதாவது செய்து காட்ட வேண்டும். அந்தச் சுமையைப் பொம்மை ஏற்றுக்கொள்வது நல்லதுதான்.

என் குறை வேறு. ராட்டினத்தில் பட்டனை அழுத்தினால் ஆட்டம் நிச்சயம். ஃபிளமிங்கோவுக்குப் பட்டன் கிடையாது, ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு ராட்டினங்களுக்கு நடுவே அதைப் பார்க்கிற குழந்தை, "ஒண்ணுமே பண்ணலையேப்பா" என்று நகர்ந்துவிடும். குழந்தையைக் குறை சொல்ல முடியாது. பூங்கா பழக்கிய அவசரம் அது.

அந்த இளஞ்சிவப்பு நிறம் பறவை தின்னும் உணவிலிருந்து வருகிறது. அதைச் சொல்ல, கேட்க, உட்கார்ந்து பார்க்க கொஞ்சம் நேரமும் அமைதியும் வேண்டும். ராட்டினமும் விலங்கும் சேர்ந்த எந்தப் பூங்காவையும் நான் அதை வைத்துத்தான் அளப்பேன். அது இல்லையென்றால், ஃபிளமிங்கோவும் வெறும் அலங்காரம்தான்.