கடற்காற்றும் விண்கோள் கணக்கும்

"செயற்கைக்கோள் கடற்காற்றை அளக்கிறது" என்ற வாக்கியத்தை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியைச் சற்று ஆராய்வோம்.

ஓஷன்சாட்-2 (2009), ஸ்கேட்சாட்-1 (2016), ஓஷன்சாட்-3 (2022) ஆகிய நம் நாட்டுக் கோள்கள் சிதறல்மானி என்னும் கருவியைச் சுமந்து சென்றன. இக்கருவி காற்றைத் தொடுவதே இல்லை. சுமார் 2 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலைகளைக் கடல்மீது செலுத்துகிறது. காற்று வீசினால் நீரில் சிற்றலைகள் எழும். அவற்றில் பட்டுத் திரும்பும் ஆற்றலைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கிறார்கள். அருமையான உபாயந்தான். நடுக்கடல் புயலைக் கண்காணிக்க இது பேருதவி.

காற்றாலை நிறுவ இது போதுமா? இங்கேதான் நமது ஆட்சேபம். கணிப்பில் கிடைப்பது நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்துக் காற்று. ஆலையின் சுழலியோ 100 மீட்டருக்கும் மேலே. இந்த இடைவெளியை ஒரு சூத்திரத்தால் நிரப்புகிறார்கள்: உயரங்களின் விகிதத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, அதனால் வேகத்தைப் பெருக்குவது. நீங்களே பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டரில் வேகம் வினாடிக்கு 7 மீட்டர் என்க. அடுக்கு 0.11 எனக் கொண்டால் 100 மீட்டர் உயரத்தில் 9.0 வரும், 0.14 எனக் கொண்டால் 9.7. அற்ப வேறுபாடு என்று தோன்றும். ஆனால் காற்றின் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளதன்றோ? ஆற்றலில் ஏறத்தாழ 23 சதவீதம் வேறுபடுகிறது! கடலும் காற்றும் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து இந்த அடுக்கு பருவத்துக்குப் பருவம் மாறும்.

இன்னொன்று. சிதறல்மானியின் ஒரு கட்டம் சுமார் 25 கிலோமீட்டர் அகலம். கரையோரக் கட்டத்தில் நிலத்தின் எதிரொலியும் கலந்துவிடும். ஆலை நடக்கூடிய ஆழங்குறைந்த கடலோ பெரும்பாலும் கரையை ஒட்டியே இருக்கிறது. மழையும் கணக்கைக் கெடுக்கும். தவிர, கோள் ஓரிடத்தைக் கடப்பது நாளுக்கு ஓரிரு முறை மட்டுமே. பிற்பகல் கடற்காற்றின் எழுச்சி அதற்கு அகப்படாமலே போகலாம். ஆம்பூரில் தோல் வாங்குபவர்கூடக் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசமாட்டார்.

கோளின் பயனை நாம் மறுக்கவில்லை. பரந்த கடலில் எங்கே தேட வேண்டும் என்பதை அது மலிவாகக் காட்டும். பிறகு அவ்விடத்திலேயே அளக்க வேண்டும். தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் 2017 இல் காம்பே வளைகுடாவில் லேசர் ஒளிக்கருவி நிறுத்தியது இதற்காகவே. 2024 இல் மத்திய அமைச்சரவை குஜராத், தமிழ்நாட்டுக் கடல்களில் தலா 500 மெகாவாட் அமைக்க ரூ. 7,453 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பொதுப்பணம் இவ்வளவு புழங்குமிடத்தில் வண்ணப்படத்தை மட்டும் காட்டினால் போதாது. மன்னார் வளைகுடாவின் காற்று வரைபடம் உங்கள் கைக்கு வந்தால், எந்த உயரம், எந்த அடுக்கு, பிழை எவ்வளவு என்று ஓரத்தில் அச்சிட்டிருக்கிறதா என முதலில் பாருங்கள். இல்லையென்றால் வெளியிட்டவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேளுங்கள்.