மெழுகு இழையும் உழைக்கும் கையும்

கந்தப்பளைத் தோட்டங்களில் கொழுந்துக் கூடை முடைந்தவனை நாம் கலைஞன் என்று அழைத்ததில்லை. கைவினை ஒருபடி தாழ்ந்தது என்னும் இந்த எண்ணத்தை வங்கச் சிற்பி மீரா முகர்ஜி (1923–1998) தம் வாழ்வாலேயே மறுத்தார். 1950களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பயின்று திரும்பியவர், பஸ்தார் பழங்குடி வார்ப்புத் தொழிலாளரிடம் மாணவியாய் அமர்ந்தார்.

மண்ணுருவின்மேல் மெழுகு இழைகளைச் சுற்றி, மீண்டும் மண் பூசிச் சுடுவர். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகம் நிறையும். அந்த இழைத் தடங்களை அவர் மெருகிட்டு மறைக்கவில்லை. செய்த கையின் சாட்சியாக விட்டுவைத்தார். மீனவரும் நெசவாளரும் அவ்வெண்கலத்தில் உயிர்பெற்றனர். இந்திய உலோகக் கைவினைஞர் பற்றி 1978இல் நூலும் தந்தார்.

ஆயினும் சிற்பியைப் போற்றும் நாம், அவருக்குக் கற்பித்தவரின் பெயரைக் கேட்பதில்லை. இக்குறை அவருடையதன்று, நம் விமரிசனத்தினுடையது. கூடை முடைந்தவனின் பெயரிலிருந்தே அதைத் திருத்தத் தொடங்குவோம்.